சண்டைக்கு எழுந்த கை

கத்தரியக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்ததால் வந்த பெயர் என்று ஒரு கட்சி சொல்லும். அவள் நாக்கைப் பார்த்து வைத்த பெயர் என்று இன்னொரு கட்சி சொல்லும். அவளிடமே கேட்டால், "ரெண்டுக்கும் சாணை பிடிக்கிறது நான்தானே, உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்பாள்.

வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு சுழல் நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, ஆணியில் தொங்கும் முடி உலர்த்தி. வெட்டும்போது பேசுவாள் என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள். தவறு. பேசும்போதுதான் வெட்டுவாள். கதை சூடு பிடித்தால் கத்தரியும் வேகம் பிடிக்கும். எதிர்வீட்டு மருமகள் பெட்டியோடு கிளம்பிப் போன கட்டம் வந்தால் காதோரம் சரசரவென்று உதிரும். அவள் திரும்பி வந்து சேரும்போது பின்கழுத்து வேலை முடிந்திருக்கும். பேச்சே இல்லாத ஒரு வாடிக்கையாளர் ஒருமுறை, "கொஞ்சம் அமைதியா வெட்டறீங்களா?" என்று கேட்டுவிட்டு, ஒரு பக்கம் காதுக்கு மேலேயும் மறுபக்கம் தோள் வரைக்குமாக முடியோடு போனார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

மாடியில் நாத்தனார். கணவருக்கு மூத்தவர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டை; ஓய்வு பெற்றது அவர்தான், தொண்டை இல்லை. மாடியில் காயப்போட்ட துணியிலிருந்து கடைப் பலகை மீது தண்ணீர் சொட்டும். கீழே வெட்டிய முடி காற்றில் பறந்து மாடிப் படியில் சேரும். தண்ணீர் மோட்டாரை யார் போட்டது, யார் நிறுத்த மறந்தது? இப்படி நாளுக்கு ஒரு சண்டையாவது இல்லாமல் அந்த வீட்டில் பொழுது போனதில்லை. சண்டையிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. கத்தரியக்கா "அண்ணி, நீங்க" என்று மரியாதை குறையாமல் மானத்தை வாங்குவாள். நாத்தனார் மாடிப் படியை விட்டு இறங்க மாட்டார். முடிந்ததும் கீழேயிருந்து மேலே தேநீர் போகும்; மேலேயிருந்து கீழே காலி டம்ளர், "சர்க்கரை பத்தல" என்ற செய்தியோடு வரும்.

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொள்வது அவருக்குத் தொழில் ரீதியாகவே பழக்கம். வாயைத் திறக்க மாட்டார்.

அப்படி ஒரு காலைச் சண்டையின் நடுவில்தான் அது நடந்தது. கத்தரியக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், வாய் கோணியது. ஆட்டிக்கொண்டிருந்த வலது கை அப்படியே தொங்கியது. சீப்பு படியில் உருண்டது. மூளையில் அடைப்பு. நாத்தனார்தான் செருப்புகூட இல்லாமல் தெருவுக்கு ஓடி, போன வண்டியை மறித்து, மருத்துவமனையில் கொண்டு சேர்த்தார். சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தாள் என்றார்கள். முதலில் திரும்பி வந்தது பேச்சுதான். டாக்டர்கள் ஆச்சரியப்பட்டார்கள், தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை. பிறகு கால் வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போல மடியில் கிடந்தது.

கடையில் உதவிக்கு இருந்த பெண் கத்தரியை எடுத்தாள். நல்ல பெண்தான். ஆனால் அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வெட்டு. கொஞ்ச நாளில் தெருவில் பாதிப் பெண்கள் ஒரே தலையோடு நடமாடினார்கள். மீதிப் பாதி வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். கத்தரியக்கா வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு தலையாகப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

இந்த நிலைமையில்தான் மருத்துவமனையின் மூளைப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே புதிதாக ஒரு ஏற்பாட்டைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு ஒரு தொப்பி, உள்ளே முழுக்கப் பொத்தான் பொத்தானாக உணரிகள். கைக்கு ஓர் உறை, ஒவ்வொரு விரல் மேலும் மெல்லிய இயந்திரத் தசை. முழங்கையைத் தாங்கித் தூக்க ஒரு கரம். அதைக் கவனித்துக்கொண்டது ஓர் இளம் பொறியாளர். கழுத்தில் எப்போதும் ஏதாவது ஒரு கம்பியை மாலைபோல் போட்டிருப்பதால், பார்த்த அன்றைக்கே கத்தரியக்கா அவளுக்கு 'ஒயர்ப்பொண்ணு' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"கையை நீட்டணும்னு நீங்க நெனச்சதும் மூளையில ஒரு அலை கெளம்பும் அக்கா. அது கைக்குப் போற வழிதான் அடைஞ்சிருக்கு. நாங்க அந்த அலையைத் தலையிலயே பிடிச்சு கையுறைக்குச் சொல்லிடுவோம்" என்றாள் ஒயர்ப்பொண்ணு.

"பாலம் உடைஞ்ச எடத்துல படகு விடறீங்க."

"அதேதான்! நான் இதைச் சொல்ல முப்பது பக்கம் எழுதினேன்."

கையுறைகள் கொஞ்சம்தான் இருந்தன, காத்திருப்பவர்கள் நிறைய. அதனால் ஒரு விதி. கடைசிப் பரிசோதனை நாளில், மேசையின் இந்தப் பக்கம் இருக்கும் கப்பை எடுத்து அந்தப் பக்கம் வைக்க வேண்டும். வைத்தால் கையுறை வீட்டுக்கு வரும். வைக்காவிட்டால் அடுத்தவருக்குப் போகும். கத்தரியக்காவுக்கு இது நன்றாகப் புரிந்தது. கையுறை வந்தால் கடை, வராவிட்டால் வாசல்.

ஆனால் அந்த அறையில் ஒரு சங்கடம். சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. கதவில் 'பேசக் கூடாது' என்று பலகை. தாடை அசைந்தால் அந்தத் தசையின் அலை வந்து மூளையின் அலையை மூடிவிடுமாம். கத்தரியக்கா வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்து, 'நீளு, நீளு' என்று மனசுக்குள்ளேயே கையைக் கெஞ்சினாள், மிரட்டினாள், கொஞ்சினாள். திரையில் கோடு இஸ்திரி போட்டதுபோல் நேராக ஓடியது. வாரக்கணக்கில் அப்படியே ஓடியது. ஒயர்ப்பொண்ணின் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது.

ஒருநாள் பதிவு முடிந்து, தொப்பியைக் கழற்றுவதற்கு முன், கத்தரியக்காவின் போன் அடித்தது. கடைப் பெண்.

"என்னது, கறுப்புக்குப் பதிலா செம்பட்டை போட்டுட்டியா? அந்தம்மா நாளைக்கு மகளைப் பொண்ணு பார்க்க வர்றவங்க முன்னாடி நிக்கணும், தெரியுமில்ல உனக்கு? பாட்டில் மேல என்ன எழுதியிருக்கு? படி! படிச்சுக் காட்டு!"

"அது லைட்டு சரியில்லக்கா..."

"லைட்டு மேல பழி போடாத! கண்ணு எங்க இருந்துச்சு?"

ஒயர்ப்பொண்ணு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். திரையில் கோடு குதித்தது. மேசை மேல் செத்த நண்டு மாதிரிக் கிடந்த கையுறையின் சுண்டுவிரல் ஒருமுறை துடித்தது.

"அக்கா, நிறுத்தாதீங்க! திட்டுங்க!"

ஆனால் மறுமுனையில் கடைப் பெண் அழ ஆரம்பித்து, "தப்புதான்க்கா, மன்னிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டாள். கோடு படுத்துக்கொண்டது.

அந்த வாரம் முழுக்க ஒயர்ப்பொண்ணு தூங்கியதாகத் தெரியவில்லை. தாடையின் அலையைத் தனியே பிரித்தெடுத்து வீசுவதற்கு ஒரு வழி எழுதினாள். பிறகு மூளை டாக்டரை இழுத்து வந்து, தரையில் காலே பாவாமல் விளக்கினாள். "இவங்களுக்குக் கையும் பேச்சும் ஒண்ணா வளர்ந்திருக்கு டாக்டர். வாயைக் கட்டினா கையையும் சேர்த்துக் கட்டறோம். சும்மா பேசினாப் போதாது. எதிர்ல பதில் வரணும். பந்து திரும்பி வந்தாத்தான் இவங்க மட்டையைத் தூக்கறாங்க. உண்மையான ஒரே ஒரு சண்டை கிடைச்சாப் போதும், கம்ப்யூட்டர் அந்த அலையைக் கத்துக்கும். அதுக்கப்புறம் இவங்க மௌனமா நெனச்சாலே கை எழும்."

மூளை டாக்டர் கதவில் இருந்த பலகையை ஒருமுறை பார்த்தார். பிறகு தானே கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் சிரிப்பாய்ச் சிரித்த கூத்து. சண்டைக்கு ஆள் தேட வேண்டியிருந்தது. முதலில் கணவரைக் கூட்டி வந்தார்கள். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு, "இப்ப ஆரம்பிக்கலாமா?" என்று ஒயர்ப்பொண்ணிடம் அனுமதி கேட்டார்.

"ஆரம்பிங்க அண்ணே."

அவர் தொண்டையைச் செருமினார். "நேத்து சாப்பாட்டுல உப்பு..."

"உப்பு என்ன?" என்றாள் கத்தரியக்கா, ஆசையாக.

"சரியாத்தான் இருந்துச்சு."

கோடு அசையவில்லை. கத்தரியக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "இவரோட இத்தனை வருஷம் எப்படிக் குடும்பம் நடத்தினேன்னு இப்பத்தான் யோசிக்கிறேன்."

பிறகு டாக்டரே முயன்றார். எதிரே உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அம்மா, உங்க கருத்தோட நான் மாறுபடறேன்" என்றார்.

"எந்தக் கருத்தோட டாக்டர்?"

"பொதுவா."

ஒயர்ப்பொண்ணு மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. கத்தரியக்காவுக்கும் சிரிப்பு வந்து, தொப்பியிலிருந்து ஒரு கம்பி கழன்றது. சிரிப்புக்குக் கை எழவில்லை.

"வீட்டுல உங்களோட நல்லா சண்டை போடறவங்க யாருமே இல்லையா அக்கா?" என்று கேட்டாள் ஒயர்ப்பொண்ணு, கண்ணைத் துடைத்தபடி.

கணவரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இருந்தார். ஆனால் இல்லை. அடைப்பு வந்த நாளிலிருந்து நாத்தனார் வேறு மனுஷியாகிவிட்டிருந்தார். துணியைப் பிழிந்து பிழிந்து, ஒரு சொட்டு விழாமல் காயப்போட்டார். மோட்டாரை நேரத்துக்கு நிறுத்தினார். மாடிப் படியில் விழுந்த முடியைத் தானே கூட்டி அள்ளினார். தேநீரை அவரே போட்டு எடுத்து வந்து, "சர்க்கரை போதுமாம்மா?" என்றார். 'ம்மா'! கத்தரியக்காவுக்கு அந்த 'ம்மா'வைக் கேட்டால் உடம்பெல்லாம் எறும்பு ஊறியது. வேண்டுமென்றே மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்தாள். தொட்டி நிரம்பி வழிந்து மாடி முழுக்க வெள்ளமானது. நாத்தனார் சத்தமில்லாமல் வந்து நிறுத்திவிட்டு, "உனக்கு எத்தனை கவலை, மறந்திருப்ப" என்று சொல்லிப் போனார். அன்றைக்கு கத்தரியக்கா குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அடைப்பு வந்தபோதுகூட அப்படி அழவில்லை.

கணவர் மாடிக்குப் போனார். வாழ்க்கையில் முதல் முறையாகச் சண்டைக்குத் தூது.

"அக்கா, பரிசோதனைக்கு வந்து அவளோட கொஞ்சம் சண்டை போடணுமாம்."

"யாரு, நானா? அவகூட இனிமே குரலை உயர்த்த மாட்டேன்னு எனக்கு நானே சத்தியம் பண்ணியிருக்கேன்டா."

"அவ கைக்காகக்கா."

நாத்தனார் கொடியில் கிடந்த துணியை எடுத்து மறுபடி பிழிந்தார். கடைசியில், "வேணும்னா நடிக்கிறேன்" என்றார்.

கடைசிப் பரிசோதனை நாள் வந்தது. வெளியே பெஞ்சில் அடுத்து காத்திருந்தவர் லாரி ஓட்டுநர். அவருக்கும் ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. அவரைக் கடந்து உள்ளே போகும்போது கத்தரியக்காவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தொப்பி மாட்டினார்கள். கையுறை போட்டார்கள். மேசையின் இந்தப் பக்கம் ஒரு வெள்ளை கப். எதிரே நாத்தனார், ஆண்டு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர்போல் முழங்காலில் கை வைத்து.

"தொடங்கலாம் டீச்சர்" என்றாள் ஒயர்ப்பொண்ணு.

நாத்தனார் மூச்சை இழுத்தார். "ஏய்! நீ... நீ செய்யறது எதுவும் சரியில்ல!"

"எது சரியில்ல அண்ணி?"

"எல்லாமே. மற்றபடி நல்லாத்தான் செய்யற."

"அண்ணி, இதைப் பள்ளிக்கூட நாடகத்துலகூடச் சேர்த்துக்க மாட்டாங்க."

"மோட்டாரை நிறுத்தாம விட்டல்ல? விட்டா என்ன, தண்ணிதானே."

கோடு நேராக ஓடியது. தொப்பிக்குள் வந்ததெல்லாம் எரிச்சல்தான். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்ததை யாரும் பார்க்கக் கூடாது என்று உடனே சுவரைப் பார்த்தார். ஒயர்ப்பொண்ணு கழுத்துக் கம்பியின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் கையை விரித்தார். "என்னால முடியலம்மா" என்றார். "எனக்கு வாய் வரல. அன்னிக்கு நான் கத்தப்போய்த்தானே நீ இப்படி ஆயிட்ட. நான்தான் உன்னை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தேன்."

கத்தரியக்காவின் கழுத்து மெதுவாக நிமிர்ந்தது.

"என்ன சொன்னீங்க?"

"நான் அன்னிக்கு வாயை மூடிட்டு இருந்திருந்தா..."

"இருங்க இருங்க. நீங்க கத்தினதுக்கா நான் விழுந்தேன்? உங்க கத்தலுக்கா?" கையுறையின் கட்டைவிரல் விறைத்தது. "அண்ணி, இத்தனை வருஷத்துல உங்க கத்தலை நான் காதுலயே வாங்கினதில்ல. காதுக்கே போகாதது மூளைக்கு எப்படிப் போகும்?"

"காதுல வாங்கலையா?" நாத்தனாரின் முதுகு அவரை அறியாமலே நேரானது. "மைதானத்துல ஆயிரம் பிள்ளைங்க வாங்கினாங்க, நீ வாங்கலையா?"

"பிரஷருங்கறார் டாக்டர். மாத்திரையை ஒழுங்காப் போடலைங்கறார். அதையெல்லாம் தள்ளிவிட்டுட்டு நான்தான் காரணம்னு முன்னாடி வந்து நிக்கறீங்க. எதுலயும் முதல் ஆளா நீங்கதான் பேர் வாங்கணும்! என் வியாதியிலகூடவா?"

"பேர் வாங்கவா! இத்தனை மாசமா ராத்திரி கண்ணை மூடாம உனக்காகக் கிடக்கேன்டி நான்!"

'டி' வந்துவிட்டது. கணவர் கதவோரம் சாய்ந்து நின்றவர் கதவை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணை மூடலையா? அப்ப மாடியிலேர்ந்து கீழே வரைக்கும் கேக்கற குறட்டை யாரோடது?"

"குறட்டையா? எனக்கா?"

"இல்ல, தொட்டிக்கு!"

முழங்கை மேசையை விட்டு எழுந்தது. இயந்திரக் கரம் மெல்ல முனகிக்கொண்டே அதைத் தாங்கியது. கத்தரியக்கா அதைப் பார்க்கவே இல்லை. அவள் கண் நாத்தனாரை விட்டு நகரவில்லை. ஒயர்ப்பொண்ணு டாக்டரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். டாக்டர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள்.

"என்ன வேணும்னாலும் சொல்லு" என்ற நாத்தனாரின் குரல் உடைந்தது. "அன்னிக்கு நீ பதில் சொல்லாம நின்னியே, அப்ப நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சு சிரிச்சேன். ஒரு நிமிஷம் சிரிச்சேன். அப்புறம்தான் உன் வாயைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பை நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுவேன்?"

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள். கத்தரியக்காவின் முகம் சிவந்தது.

"ஜெயிச்சீங்களா? யாரு ஜெயிச்சது?" சுட்டுவிரல் தனியே பிரிந்து நாத்தனாரின் மூக்கை நோக்கி நீண்டது. "எதிராளி மயங்கி விழுந்தா அது ஜெயமா? நீங்கதானே விளையாட்டு டீச்சர்? எந்தப் புத்தகத்துல இருக்கு அது?"

"ஒரு அணி மைதானத்தை விட்டுப் போனா நின்ன அணிக்குத்தான் வெற்றி! சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்!"

"நான் எங்க போனேன்? தூக்கிட்டுப் போனதே நீங்கதான்! எதிராளியை நீங்களே தூக்கி வண்டியில போட்டுட்டு வெற்றின்னு சொல்வீங்களா?"

"அக்கா, கப்பு..." என்று ஒயர்ப்பொண்ணு மூச்சுக்காற்றில் சொன்னாள். "கப்பு, அக்கா..."

கத்தரியக்காவுக்குக் கேட்டதோ இல்லையோ. அவளுக்கும் நாத்தனாருக்கும் நடுவில், வாகாக விரலை நீட்ட விடாமல் அந்த வெள்ளை கப் இடைஞ்சலாக நின்றது. பேச்சை நிறுத்தாமல், அதைப் பார்க்காமல், சண்டைக்கு நடுவில் குறுக்கே வந்த குழந்தையை நகர்த்துவதுபோல், எடுத்து மேசையின் அந்தப் பக்கம் வைத்தாள். வைத்த கை மறுபடி மூக்குக்கே திரும்பியது.

டாக்டர் கத்திவிட்டார். பஞ்சு வைத்த சுவரைத் தாண்டி வெளியே பெஞ்சு வரைக்கும் கேட்டது. கணவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். இறக்க மறந்து அப்படியே நின்றார். ஒயர்ப்பொண்ணு அழுகையும் சிரிப்புமாக ஓடி வந்து, "முடிஞ்சுது அக்கா! பதிவாயிடுச்சு! கையுறை உங்களுக்குத்தான்! போதும், போதும்" என்று கட்டிக்கொண்டு, வழக்கப்படி தொப்பியை எடுத்துவிட்டாள்.

நீட்டிய கை பொத்தென்று மேசையில் விழுந்தது.

நாத்தனாரின் பேச்சு அப்படியே நின்றது. முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கியது. அன்றைக்குப் படியில் நின்ற அதே முகம்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் கத்தரியக்கா. "கை விழுந்தா வாயும் விழுந்துடுச்சுன்னு அர்த்தமா? மறுபடியும் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சுட்டீங்களா? ஏம்மா, ஒயரு, அந்தத் தொப்பியை யாரு எடுக்கச் சொன்னது? நான் இன்னும் முடிக்கல."

ஒயர்ப்பொண்ணு தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று நாத்தனாரைப் பார்த்தாள்.

நாத்தனார் மூக்கை உறிஞ்சினார். முந்தானையால் கண்ணை ஒரு தரம் அழுத்தித் துடைத்தார். பிறகு நாற்காலியை இழுத்து மேசைக்கு நெருக்கமாகப் போட்டு உட்கார்ந்தார்.

"மாட்டிவிடும்மா அவளுக்கு" என்றார். "ஒத்தைக் கையோட இருக்கறவளை ஜெயிச்சா எனக்குத்தான் கேவலம்."